எந்தக் காலனிக்குப் பின்?

(உத்தனப்பள்ளியில் கல்லூரி மாணவர்கள் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

ஜெய்பீம்.

வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இந்தத் தடவை வேற வேலை. பி.ஏ. ஆங்கிலம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க ஆறேழு பேர் வந்து, 'அண்ணா, நவீனப் புனைகதை, பின்காலனியப் புனைகதைன்னு ஒரு பேப்பர் இருக்கு. அசைன்மென்ட் குடுத்திருக்காங்க. எதை எழுதறது?'ன்னு கேட்டாங்க. நான் வாத்தியார் கெடையாது. ஒரு பட்டம் படிச்சுட்டு வங்கியில கிளார்க்கா உட்கார்ந்திருக்கிறவன். ஆனாலும் கேள்விகளைப் பார்த்ததும் பேசணும்னு தோணுச்சு. இது வெறும் மார்க் சமாச்சாரம்னு எனக்குப் படல.

கேள்விகள் இவைதான். சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலில் வெள்ளையர் வருகை ஆப்பிரிக்கச் சமூகத்தை எவ்வாறு சிதைத்தது? ராஜா ராவின் 'காந்தபுரா'வை ஒரு காந்திய நாவலாக விளக்குக. முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' நாவலில் பாக்கா படும் துயரங்களைத் தொகுத்தெழுதுக. அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலில் தடைசெய்யப்பட்ட காதல். பாமாவின் 'கருக்கு' ஒரு வலியின் பதிவு: நிறுவுக.

இதுல தப்பான கேள்வின்னு ஒண்ணும் இல்லை. நாடு முழுக்க இதே மாதிரிக் கேள்விகள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கைடில் விடை இருக்கிறது. இப்ப கைடுகூட வேண்டாம், போன்ல கேட்டா முழுக் கட்டுரையும் எழுதிக் கொடுத்துடுது. ஒரு தங்கச்சி சொல்லுச்சு: 'அப்படியே பாத்து எழுதி வெச்சேண்ணா. அஞ்சுக்கு நாலரை போட்டாங்க.'

நாலரை மார்க் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ரோஜாத் தோட்டத்துல மருந்து அடிக்கிற அப்பா, தக்காளி மண்டியில கூடை தூக்குற அம்மா, இவங்க அனுப்பிப் படிக்க வந்த முதல் தலைமுறை நீங்க. மார்க் வேணும். ஆனால் அந்த நாலரை மார்க்குக்காக நாம் எதைத் தாளுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறோம் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம். பின்காலனியம். பாடத்தில் காலனி என்றால் அயலான் வந்து பிடித்து ஆண்ட நாடு. 1947ல் அது முடிந்தது, அதற்குப் பின் வந்தது பின்காலனியம் என்று சுருக்கமாகப் புரிந்துகொள்கிறோம். சரி. உத்தனப்பள்ளியிலோ சூளகிரியிலோ ராயக்கோட்டையிலோ பஸ்ஸை விட்டு இறங்கி, 'காலனி எங்கப்பா?'ன்னு கேட்டுப் பாருங்க. எவனும் லண்டனைக் கை காட்ட மாட்டான். நேரா நம்ம தெருவைத்தான் காட்டுவான். ஊர் வேற, காலனி வேற. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, இந்தச் சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வெள்ளைக்காரன் போய் 78 வருஷம் கழிச்சு! நல்ல காரியம்தான். ஆனால் பேரை எடுப்பது வேறு, எல்லையை எடுப்பது வேறு. ஊருக்கும் காலனிக்கும் நடுவுல இருக்கிற அந்த அம்பதடி ரோடு அப்படியேதான் கெடக்கு.

ஆக, 'பின்காலனியம்' என்று கேள்வித்தாள் சொல்லும்போது, காலனியில் குடியிருக்கிற மாணவன் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தக் காலனிக்குப் பின்?

எங்க வங்கி வேலையில் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். பயிர்க்கடனுக்கு ஒரு படிவம் இருக்கு. பட்டா எண், சிட்டா, அடங்கல், சர்வே எண் எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நிலத்துல இறங்கி நாத்து நட்டு, குச்சி ஊனி, தக்காளி பறிச்சவங்க யாருன்னு கேக்கறதுக்குக் கட்டம் கெடையாது. கட்டம் இல்லேன்னா அந்த ஆள் கணக்குல இல்லை. யாரும் பொய் சொல்லல. படிவம் அப்படி அச்சடிச்சிருக்கு. கட்டுரைக் கேள்வியும் ஒரு படிவம்தான். 'வெள்ளையர் வருகை ஆப்பிரிக்கச் சமூகத்தை எவ்வாறு சிதைத்தது?' இதில் இரண்டே கட்டம். ஒன்று வெள்ளையன், இன்னொன்று சமூகம். அந்தச் சமூகத்துக்குள் யாரை யார் மிதித்தார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஆனால் நாவலில் அது இருக்கிறது. 1958ல் வந்த அந்த நாவலின் 18ஆம் அத்தியாயத்தைப் பிரித்துப் பாருங்கள். 'ஓசு' என்று ஒரு மக்கள் வருவார்கள். சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் அவர்களைக் கல்யாணம் செய்யக்கூடாது. ஊர்க்கூட்டத்துக்கு வரக்கூடாது. தனி இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். அடையாளமாகச் சடைமுடி வளர்க்க வேண்டும், சவரக்கத்தி படக்கூடாது. செத்தால் ஊருக்கு ஆகாத காட்டில் புதைக்க வேண்டும். படிக்கும்போது நம்ம ஆளுங்களுக்கு இது ஆப்பிரிக்காவாகத் தெரியுமா? இரண்டு ஓசுகள் தேவாலயத்துக்குள் வருகிறார்கள். ஏற்கெனவே மதம் மாறியிருந்த மற்றவர்களே எழுந்து எதிர்க்கிறார்கள். போதகர் கியாகா அசையாமல் நிற்கிறார், முடியை மழிக்கச் சொல்கிறார். பயந்து பயந்து மழிக்கிறார்கள். சாமி ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் அந்த ஊரின் ஓசுகள் கிட்டத்தட்ட எல்லாரும் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள்.

இப்ப கேள்விக்கு வாங்க. சமூகம் சிதைஞ்சதுன்னா யாருக்குச் சிதைஞ்சது? ஒகோங்க்வோவுக்குச் சிதைந்தது, உண்மை. ஓசுவுக்கு அன்றைக்குத்தான் தலைமுடியிலிருந்த விலங்கு கழன்றது. அச்செபே இரண்டையும் எழுதியிருக்கிறார். அவர் நேர்மையான எழுத்தாளர். 1960ல் எழுதிய 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில், லண்டனில் படித்துத் திரும்பிய ஒபி காதலிக்கிற கிளாரா ஓர் ஓசுப் பெண். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. கிழக்கு நைஜீரியாவில் ஓசு முறையை ஒழிக்க 1956லேயே சட்டம் போட்டாகிவிட்டது. இங்கே அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950லேயே வந்துவிட்ட மாதிரி. சட்டம் வந்தது, கல்யாணம் வரவில்லை. நாவலாசிரியன் பார்த்ததைக் கேள்வி தயாரித்தவர் பார்க்கவில்லை. விடை எழுதுகிற நாமும் பார்க்காமல் போனால், படிவத்தில் கட்டம் இல்லாத ஆளாகத் திரும்பி வருவோம்.

'காந்தபுரா'வுக்கு வாங்க. 1938. காந்தியம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்த கதை. கதையைச் சொல்வது யார்? அச்சக்கா என்கிற பார்ப்பனப் பாட்டி. பார்ப்பனத் தெரு, குயவர் தெரு, நெசவாளர் தெரு, சூத்திரர் தெரு, பறையர் தெரு என்று ஊர் அவள் வாயால்தான் நமக்கு வந்துசேர்கிறது. நாயகன் மூர்த்தி நல்ல பையன்தான். அவன் பறையர் தெருவில் ராச்சண்ணாவின் வீட்டுக்குள் போகிறான். குடிக்கப் பால் தருகிறார்கள். அதைத் தொண்டையில் இறக்க அவன் படுகிற பாடு இருக்கிறதே, அதை ராஜா ராவ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேள்வி மூர்த்தியின் மனமாற்றத்தைப் பற்றிக் கேட்கும். பால் காய்ச்சிக் கொண்டுவந்த அந்தம்மா, அவன் முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? அதை நீங்கதான் எழுதணும். எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் யாரு?

பாக்கா 1935ல் வந்தவன். ஒரே நாளில் நடக்கிற கதை. பாக்காவுக்கு வெள்ளைச் சிப்பாய்களின் உடுப்பு மேல் ஆசை. பின்காலனியக் கோட்பாடு படித்தவர்கள் உடனே, இது ஆண்டானைப் போலச் செய்தல், அடிமை மனம் என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்க. பட்டாளக் குடியிருப்பில்தான் தன்னை மனுஷனாக நடத்தினார்கள் என்று அவன் நினைப்பதாக நாவலே சொல்கிறது. துணி ஒருத்தனுக்கு மோகம், இன்னொருத்தனுக்குத் தன் மேல் ஒட்டவைத்த அடையாளத்தைக் கழற்றிப்போடுகிற வழி. இந்த வேறுபாடு காலனிக்காரனுக்குச் சட்டென்று பிடிபடும். 'துயரங்களைத் தொகுத்தெழுதுக' என்ற கேள்வியில் இதற்கு இடமில்லை. அவன் ஆசைப்பட்டதையும் கோபப்பட்டதையும் விட்டுவிட்டு அழுததை மட்டும் கேட்கிறது.

1997ல் வந்த அருந்ததி ராயின் நாவலில் வெளுத்தா பரவன், தச்சன். ஊறுகாய்த் தொழிற்சாலையின் இயந்திரங்கள் அவன் கையால்தான் ஓடுகின்றன. மம்மாச்சி அவனுக்குத் தருகிற சம்பளம் தீண்டத்தக்க தச்சனுக்குத் தருவதைவிடக் குறைவு, ஒரு பரவனுக்குத் தருவதைவிட அதிகம். கேஷ் கவுன்ட்டர்ல உட்காருகிறவன் கண்ணில் இந்த வரிதான் முதலில் விழும். 'தடைசெய்யப்பட்ட காதல்' என்று அழகாகத் தலைப்பு வைக்கிறோம். அந்தக் காதலுக்கு முன்னாலேயே சம்பளத்தில் சாதி இருக்கிறது. காதலுக்குப் பிறகு போலீஸ் பூட்ஸ் இருக்கிறது. இது கேரளத்துக் கதை என்று தள்ளி நின்று எழுத நமக்கு வாய்ப்பே இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் சூடுகொண்டப்பள்ளி. 2018 நவம்பரில் சாதி மறுத்துக் கல்யாணம் செய்த இளம் ஜோடியைக் கொன்று, எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் காவிரியில் போட்டார்கள். பையன் நம்ம பையன். ஓசூர் பஸ்ல உட்கார்ந்து இந்த நாவலைப் படிக்கிற மாணவிக்கு வெளுத்தா இலக்கியப் பாத்திரம் மட்டுமா?

இனி 'கருக்கு'. 1992ல் வந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்து 2000ல் வெளியானது. நம்ம மொழியில எழுதின புத்தகம் இங்கிலீஷ் வழியா நம்ம பிள்ளைங்க கைக்கு வந்து சேருது. அதுல ஒரு இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவுல ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சின்னப் பிள்ளைக்கு அது வேடிக்கை, சிரிப்பு. அப்புறம் அண்ணன்தான் விவரம் சொல்கிறார்: நாம தொட்டா அந்த வீட்டுக்காரங்க தின்ன மாட்டாங்க. எனக்கென்னவோ 'வலியின் பதிவு: நிறுவுக' என்ற கேள்வியும் அந்தப் பொட்டலத்தை அப்படித்தான் தூக்குகிறது என்று படுகிறது. கை படாம, நூலைப் புடிச்சு. வலியைப் பார்க்கிறது, வலி கொடுத்தவனின் வீட்டு வாசலுக்குப் போக மாட்டேன் என்கிறது. அந்தப் புத்தகத்தில் வலி மட்டுமா இருக்கிறது? விளையாட்டு, கேலி, பாட்டு, படிப்பின் மேல் வெறி, மடத்தை விட்டு வெளியே வருகிற துணிச்சல் எல்லாம் இருக்கிறது.

கேள்வியைத் தயாரிக்கிற அதிகாரம் சின்ன அதிகாரம் இல்லை. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்தது. மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையும் போனது. பாடத்திலேயே இல்லாதவர்களைப் பற்றிக் கேள்வி எப்படி வரும்? இது டெல்லி. நம்ம பக்கம் பாருங்க. 2022 ஜூலையில், நம்ம மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கிற பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரியார் பேர்ல இருக்கிற பல்கலைக்கழகம்! அந்த ஹாலில் பேனாவோடு உட்கார்ந்திருந்த நம்ம பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்? எதிர்ப்பு எழுந்தது, அரசு விசாரணை அறிவித்தது. கேள்விக்குச் சாதி உண்டு என்பதை இதைவிட யாரும் விளக்கிச் சொல்ல முடியாது.

கேள்வித்தாளை மாற்றியவர்களும் உண்டு. 1968ல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் அவருடைய இரண்டு சகாக்களும், ஆங்கிலத் துறையையே ஒழித்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே கூகி பின்னால் சிறைக்குப் போனபோது தன் கிகூயு மொழியில் கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினார். 2025 மே மாதம் காலமாகும்வரை அவர் கேட்டது ஒன்றுதான்: எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்க்கிறாய்?

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதை வைத்து 'வெள்ளைக்காரன் வந்தான், விடுதலை தந்தான்' என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் ஒரு ரெடிமேட் விடை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ல் நம்ம மக்கள் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார், 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது, உண்மை. பக்கத்துக் கோலாரில் 1880களில் வெள்ளைக் கம்பெனி தங்கம் தோண்ட ஆரம்பித்தபோது, பண்ணையாரிடமிருந்து தப்பி நம்ம ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள், அதுவும் உண்மை. போனவர்கள் பூமிக்கடியில் நுரையீரலைக் கொடுத்தார்கள், தங்கம் லண்டனுக்குப் போனது, 2001ல் சுரங்கத்தை மூடியபோது மிச்சம் கிடைத்தது சைனைடு மண்மேடு. ஒரு ஆண்டையை விட்டு இன்னொரு ஆண்டை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணோடு எழுதியவர்கள் அப்போதே இருந்தார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்தார். 'காலனியத்துக்கு இந்தியரின் எதிர்வினை' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இவர்களைத் தொடுவதே இல்லை. அவர்களும் இந்தியர்தானே?

இன்னொண்ணு. காலனிக்குள்ளேயும் ஒரு காலனி இருக்கு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994ல் வந்தபோது பெரிய சண்டை நடந்தது. பறையர்களுக்குத் துணி வெளுத்துச் சோறு வாங்கித் தின்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989லேயே நம்ம ஆம்பளைத் தலைவரின் வீட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தது. 'காலனி எங்கே?' என்ற கேள்வியை அச்செபேயிடம் கேட்கிற நாம், நம்ம வீட்டு அடுப்படியிலும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் நாமும் ஒரு படிவம் அச்சடிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

சரி, எப்படி எழுதறது? நடைமுறையா சொல்றேன்.

முதல்ல, கேட்ட கேள்விக்கு ஒழுங்கா விடை எழுதுங்க. மார்க்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதற்கப்புறம் ஒரு பக்கம் உங்களுடையது. அந்தப் பக்கத்துக்கு மூன்று கேள்வி போதும். கதையை யார் சொல்கிறார்கள்? கதைக்குள் வேலை யார் செய்கிறார்கள், கூலி எவ்வளவு? கதைக்குள் காலனி எங்கே இருக்கிறது? கிடைத்ததை அத்தியாயம், பக்க எண்ணோடு எழுதுங்கள். ஓசு 18ஆம் அத்தியாயம் என்று போட்டுவிட்டால் எந்தப் பேராசிரியரும் 'கற்பனை' என்று அடிக்க முடியாது. ஆத்திரத்துக்கு மார்க் போட மாட்டார்கள், ஆதாரத்துக்குப் போட்டே ஆகணும். புத்தகத்தில் இல்லாததைத் திணிக்காதீங்க. காலனி இல்லாத கதையில், ஏன் இல்லை என்று கேளுங்கள், அது போதும்.

போனைக் கேட்பது பற்றி. கேளுங்க, தப்பில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது ஏற்கெனவே எழுதப்பட்டது மட்டும். பால் கொண்டுவந்த அந்தம்மா என்ன நினைத்தாள் என்பதை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதாததை அது எங்கிருந்து எடுக்கும்?

மொழிக்குப் பயப்படாதீங்க. வீட்டுல தெலுங்கோ கன்னடமோ, பள்ளிக்கூடத்துல தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ். இதைக் குறைன்னு சொல்லி நம்மளக் கூசவெச்சிருக்காங்க. மூணு மொழியில காது இருக்கிறவனுக்கு நாலு பக்கமும் கேக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தலிங்கையா இருந்தார். தலித் சங்கர்ஷ சமிதியைக் கட்டினவர்களில் ஒருவர், 2021ல் கொரோனாவில் போய்விட்டார். அவர் தன் வாழ்க்கைக் கதைக்கு 'ஊரு கேரி' என்று பேர் வைத்தார். பாவண்ணன் அதைத் தமிழில் 'ஊரும் சேரியும்' என்று தந்திருக்கிறார். ஏரில் மாட்டுக்குப் பதிலாக அப்பாவின் தோள் பூட்டப்பட்டதைப் பிள்ளை பார்க்கிற இடம் அதில் இருக்கிறது. அந்தப் புத்தகம் உங்க பாடத்திட்டத்தில் இல்லை. உங்க அம்மாவுக்குக் கன்னடத்திலேயே புரியும். அச்செபேயையும் சித்தலிங்கையாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுத இந்த உத்தனப்பள்ளியில் ஆள் இருக்கிறது; டெல்லியில் தேடணும்.

கடைசியா ஒரு வேலைத்திட்டம். அசைன்மென்ட் எழுதிக் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. உங்க அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து வைங்க. மாசம் ஒரு தடவை இங்க கூடுவோம், வாசிப்போம், அடிச்சுத் திருத்துவோம். வருஷக் கடைசியில் எல்லாப் பக்கத்தையும் சேர்த்துத் தைத்தால் ஒரு புத்தகம் வரும். உங்களுக்குப் பின்னால் இதே பேப்பரைப் படிக்க வருகிற காலனிப் பிள்ளைக்கு அது கைடாக இருக்கட்டும். உங்களில் ரெண்டு பேராவது நாளைக்கு வாத்தியார் ஆவீங்க. கேள்வி தயாரிக்கிற நாற்காலியில் உட்காருவீங்க. அன்றைக்குப் போட வேண்டிய கேள்விகளை இன்றைக்கே எழுதிப் பழகுங்க.

அடுத்த மாசம் 'ஊரும் சேரியும்' வாசிக்கிறோம். எல்லாரும் படிச்சுட்டு வாங்க. ஜெய்பீம்.